ஆறடி ஒன்றரை அங்குலம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். அன்றைக்கு மேசைமேல் அட்டையில் வெட்டி ஒட்டிய தலைக்கவசம் ஒன்று இருந்தது. மூன்று நாள் வேலை. எடுத்து என் தலையில் கவிழ்த்துப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் உள்ளே போய்விட்டன. கூட வேலை செய்கிற ஆறு பெண்களும் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. நான் அதைக் கழற்றிச் சுவரில் விட்டடித்தேன்.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்கு இறங்கும் மண் ரோட்டில் பழைய ஐஸ் கிடங்கு ஒன்று உண்டு. அதில்தான் எங்கள் பட்டறை. முதலாளி புதுச்சேரிக்காரர். வாளுறை, கேடயம், தோல் சட்டை என்று வெளிநாட்டு நாடகக்காரர்களுக்கு வேண்டியதைச் செய்து அனுப்புவார். அந்த வருஷம், பழைய காலத்து ஜப்பான் சாமுராய் போட்டுக்கொள்ளும் இரும்புக் கவசத்தை அச்சு அசலாகச் செய்து தருகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அந்த வெள்ளைக்காரர் நாடகக்காரர். மேடையில் தளபதி வேஷம் கட்டி, இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு குதிக்கவும் உட்காரவும் வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதுவரை நாங்கள் யாரும் அப்படி ஒரு கவசத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

முதலாளியிடம் இருந்தது ஒரு ஜெராக்ஸ் தாள். ஏதோ ஒரு பழைய கவசத்தைப் பகுதி பகுதியாக அளந்து எழுதியது. அதைப் போட்டிருந்த ஆள் ஐந்தேகால் அடி உயரம். எங்கள் வெள்ளைக்காரரோ ஆறடி ஒன்றரை அங்குலம். அவர் அனுப்பியவை மூன்றே அளவுகள்: உயரம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று. மீதியையும் கேளுங்கள் சார் என்று நான் சொன்னேன். கேட்டால் நமக்கு வேலை தெரியாது என்று நினைத்துக்கொள்வான், கணக்குப் போட்டால் வந்துவிடும் என்றார். போனில் கணக்குப் போட்டார். பழைய ஆள் ஆறு அங்குலம் என்றால் புது ஆள் ஏழு அங்குலம். ஆறுக்கு ஏழு, எல்லாவற்றையும் இப்படியே பெருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெருக்கியதில் வந்ததுதான் அந்தக் குண்டான். தோள் பலகைகள் வாசற்கதவு மாதிரி வந்தன. கையைத் தூக்கினால் காதில் இடித்தன.

எனக்கு என்மேலேயேதான் ஆத்திரம். பதினொரு வருஷம் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு, கால் புண் ஆறாமல், மகளிர் குழுவில் தையல் கற்றுக்கொண்டு வெளியே வந்தவள் நான். நூற்றுக்கணக்கில் பிளவுஸ் வெட்டியிருக்கிறேன். நெட்டைப் பெண்ணுக்கும் குட்டைப் பெண்ணுக்கும் தலை ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளங்கை ஒன்றுதான், முதுகும் கையும் காலும்தான் நீளும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போனில் வந்த கணக்கை நம்பினேன். இனி நம்புவதில்லை, ஆளை நிறுத்தி அளந்துதான் வெட்டுவது என்று முடிவு செய்தேன். அதே உயரத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் சுமைக்காரர். கரையில் குவித்திருக்கும் உப்பை மூட்டை பிடித்துத் தலையில் ஏற்றி, வரப்பிலேயே நடந்து லாரியில் போடுகிற வேலை. இருபது வயதில் போலீஸ் வேலைக்கு விழுப்புரம் போனவர். ஓட்டத்தில் தோற்றுப்போனார். ஆனால் உயரத்தை அளந்தபோது அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். ஆறடி ஒன்றரை அங்குலம். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பட்டப்பெயர். 'ஆறடி ஒன்றரை இன்னும் வரலியா?' என்றுதான் மேஸ்திரியே கேட்பான். இப்போது அவருக்கு நாற்பத்தி நாலு.

அந்தக் கோடைக்கு இரண்டு மாசம் முன்னால் ஒருநாள் காலையில் அவர் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. இடது கை மரத்துப்போயிருந்தது. திண்டிவனத்தில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்திலும் முதுகிலும் எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்து, சப்பிப்போய்விட்டது, இனி தலைச்சுமை கூடவே கூடாது, மீறினால் கை போகும், அப்புறம் காலும் போகும் என்றார். மறுநாள் காலை தலையில் வைக்கும் சும்மாட்டை எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். வேறென்ன செய்வது? தலைச்சுமை ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

அதனால்தான் முதலாளி அந்தப் பேச்சை எடுத்தபோது நான் பாய்ந்தேன். இந்தக் கவசம் சரியாக வந்தால் இன்னும் பத்து செய்யச் சொல்லியிருக்கிறார்கள், தகடு அடிக்க இரண்டு ஆண்கள் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் வருவார் என்றேன். சுத்தியல் வேலை, உடம்பு திடமாக இருக்க வேண்டும் என்றார். 'உப்பு மூட்டை தூக்கற உடம்பு சார். இரும்பு' என்று நான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் செய்தேன். நிழலில் உட்கார்ந்து அடிக்கிற வேலை, தலையில் பாரம் ஏறாது, அது போதும் எனக்கு. கவசம் சரியாக வந்தால் அவர் உப்பளத்தை விட்டு வெளியே வருவார். வராவிட்டால் கை போகிற வரைக்கும் மூட்டை. அந்தக் கோடை முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவரை அளந்தது ஒரு சாயங்காலம். இரண்டு லாரிக்கு ஏற்றிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். தோளில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம், அப்படியே நில்லு என்றேன். தாளில் முதல் வரி 'உயரம்'. டேப்பை எடுக்காமலேயே ஆறடி ஒன்றரை என்று எழுதினேன். அவர் அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளிலிருந்து இடுப்பெலும்பு வரை, இடுப்பிலிருந்து முட்டி வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை எல்லாம் எடுத்தேன். கை நீளம் முதலாளி கணக்கோடு ஒத்துப்போனது. கால் நீளமும் ஒத்துப்போனது. உடம்பு மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆறுக்கு ஏழு கணக்கில் தோளிலிருந்து இடுப்பு வரை பதினேழரை அங்குலம் வர வேண்டும். இவருக்குப் பதினைந்தரைதான் இருந்தது.

இரண்டு அங்குலம். கவசத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கவசத்தின் மொத்த பாரமும் தோளில் நிற்கக் கூடாது, கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் உட்கார்ந்து இடுப்பு தாங்க வேண்டும் என்று ஜெராக்ஸ் தாளிலேயே போட்டிருந்தது. எதை நம்புவது? கணக்கை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை குண்டான் செய்தாயிற்று. உடம்பு பொய் சொல்லாது என்று நினைத்தேன். நெட்டை ஆட்களுக்கு உயரமெல்லாம் காலில்தான், உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினைந்தரையை எழுதினேன்.

ஆறு வாரம் வேலை. மேல் மார்புத் தகட்டுக்குக் கீழே ஐந்து வரித் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறி நிற்கும். தகட்டில் ஓட்டை போட்டு நீல நாடாவால் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கவிட வேண்டும். இடுப்பைச் சுற்றித் தொங்கும் துண்டுகளும் அப்படியே. ஆள் நெட்டையோ குட்டையோ, வரிகளின் எண்ணிக்கை மாறக் கூடாது, அது வழக்கம். மாற்றுவதெல்லாம் தகட்டின் அகலத்திலும் நாடாவின் நீளத்திலும்தான் மாற்ற வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்துக்குப் போய்விடும் என்பதால் அடித்த தகட்டுக்கு அன்றன்றைக்கே கறுப்பு வார்னிஷ் பூசினோம். நாடாவை ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். ஒரு கண்ணியில் இறுக்கம் கூடினாலும் வரி சாய்ந்துவிடும். அந்த ஆறு பெண்களும் என்னிடம் திட்டு வாங்காத நாளே இல்லை. நானும் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். சனிக்கிழமை அவருக்கு விமானம். முதலாளி புதுச் சட்டை போட்டிருந்தார். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் வரச்சொல்லவில்லை. தன் அளவில் செய்ததை இன்னொருத்தர் போட்டுப் பார்ப்பதைப் பார்க்க அவருக்கு ஆசை. துவைத்த சட்டையோடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

தலைக்கவசம் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த மனிதர் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். தோள் பலகைகள் சரி. கைக்கவசம் சரி. மார்க்கவசத்தை மாட்டி, பக்கவாட்டுக் கயிற்றை நானே கட்டினேன். கட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ் விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவர் நாலடி நடந்தார். தோள்வாருக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தார். மறுபடி நடந்தார். சிரிப்பு போய்விட்டது. முதலாளியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பாரம் முழுக்கத் தோளில் அறுக்கிறதாம், இரண்டு மணி நேரம் இல்லை, இருபது நிமிஷம்கூட முடியாதாம்.

முதலாளி டேப்பை எடுத்து விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவில் பிடித்தார். இரண்டு அங்குலம். என்னைப் பார்த்தார்.

'இவரு உயரத்துலயே ஒரு ஆளை நிறுத்தி அளந்தேன்னு சொன்னியேம்மா?'

'ஆமா சார்.'

'உன் வீட்டுக்காரரத்தான? அதோ நிக்கறாரே. கூப்புடு. பக்கத்துல நிறுத்திப் பாத்துடலாம்.'

அவருக்கு வேலைக்கு நேரமாகிறது, லாரி வந்து நிற்கிறது என்றேன். ஒரு நிமிஷம்தானே என்றார் முதலாளி. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணாலேயே போ என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

கால் ஒரே மட்டம்தான். முட்டி ஒரே மட்டம். இடுப்பும் ஒரே மட்டம். தோள் மட்டும் இறங்கியிருந்தது. தலை வெள்ளைக்காரரின் நடு நெற்றிக்கு நின்றது. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒருநாள் என் கண்ணில் அது படவில்லை. பட்டப்பெயரைக் கேட்டுக் கேட்டு, அது உண்மையென்றே இருந்துவிட்டேன். முதலாளி டேப்பைத் தரையிலிருந்து பிடித்தார். ஐந்தடி பதினொன்றரை அங்குலம்.

நான் முந்திக்கொண்டேன். 'நான்தான் சார் தப்பா அளந்துட்டேன். கவனம் இல்லாம எழுதிட்டேன். அவரு மேல ஒண்ணும் இல்ல' என்றேன். வேலையில் என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை. அவர் முதுகைப் பற்றி மட்டும் முதலாளிக்குத் தெரியக் கூடாது. மனசுக்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

'அவ தப்பா அளக்கல சார். ஆறடி ஒன்றரை இருந்தவந்தான் நானு. மூட்டையில போயிடுச்சி.'

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதையும், இடது கை மரத்துப்போவதையும், டம்ளர் விழுந்ததையும். சாயங்காலம் சுமை இறக்கியபின் இன்னும் குள்ளமாகிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தாளில் நான் உயரத்தை எழுதியபோதே தெரியும், எழுபது எண்பது பேர் கூப்பிடுகிற பெயர், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். 'சுத்தியல் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சார்' என்று சொல்லிவிட்டு, இவர் செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தார். லாரி நிஜமாகவே வந்து நின்றிருந்தது.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நான் கட்டிக் காப்பாற்றியதை இந்த மனுஷன் ஒரே பேச்சில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா, சனிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார்.

வழி இருந்தது. புதுத் தகடு வேண்டாம். ஐந்து வரியையும் பிரித்து, நாடாவை நீட்டிக் கோத்தால் போதும். இரண்டு அங்குலத்தை ஐந்து இடைவெளிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவாக வரும். தகட்டின்மேல் தகடு ஓர் அங்குலம் ஏறியிருப்பது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலாகக் குறையும், ஆனால் இடுக்கு தெரியாது. கீழ் விளிம்பு இடுப்பில் உட்காரும், அதோடு தொங்கல்களும் தானாக இறங்கித் தொடையை மூடும். பிரித்துக் கோக்க முழுசாக மூன்று நாள். இழுவை மாறாமல் அதைச் செய்ய என்னைவிட்டால் அங்கே ஆள் இல்லை. இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

செய்கிறேன் என்றேன். கையிலிருந்த கத்திரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, 'நாடா கோக்கறதுக்கு ஒரு ஆளு கூட வேணும் சார். என் வீட்டுக்காரரு நாளைக்கு வருவாரு' என்றேன்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆம்பளை எப்படிம்மா பொம்பளைகளோட உட்கார்ந்து நாடா கோப்பான், இதுவரை அப்படி நடந்திருக்கிறதா என்றார். நடக்கவில்லைதான். எங்கள் பக்கம் உப்பளத்திலும் அப்படித்தான். உப்பை வாரி ஒதுக்குவது பெண்கள், மூட்டை தூக்குவது ஆண்கள். மாற்றிச் செய்தால் வாயால் கொன்றுவிடுவார்கள். 'என்னை மெரட்டறியாம்மா?' என்றார் முதலாளி. கேட்கிறேன் சார் என்றேன். கத்திரிக்கோலை நான் எடுக்கவில்லை. வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல், கவசத்தோடு வேர்த்து வழிய நின்றார். கடைசியில் முதலாளி சரி வரட்டும் என்றார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டவர் அவர்தான்.

வீட்டில் அடுத்த சண்டை. பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்து நாடா கோக்க மாட்டேன், பசங்க கிண்டல் பண்ணுவானுங்க என்றார். கை கால் விழுந்து படுத்தால் அந்தப் பசங்களா வந்து சோறு ஊட்டுவானுங்க என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அதெல்லாம் எழுதக் கூடியது இல்லை. அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் காலை எட்டரைக்கு, எனக்கு முன்னால் பட்டறை வாசலில் நின்றார்.

முதல் நாள் காலையே பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். 'ஆறடி ஒன்றரை, காலை மடக்கு. ரோட்டு வரைக்கும் நீட்டினா பஸ்சு ஏறிடும்' என்றாள் ஒருத்தி. அவர் காலை மடக்கினார். உப்பில் வெடித்த விரல்களில் நாடா மாட்டி மாட்டி இழை பிரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லாததால், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணி தொய்ந்தது, ஒரு கண்ணி இறுகியது. மத்தியானத்துக்குள் அவர் முடித்த வரி ஒரு பக்கம் தூக்கி, மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்றது. முதலாளி எந்நேரமும் வந்து பார்க்கலாம். பார்த்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார். வெள்ளிக்கிழமை அந்த வரியோடு கவசத்தைப் போட்டால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் பத்துக் கவசமும் இல்லை, எங்கள் ஏழு பேருக்கும் வேலையும் இல்லை.

என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டுக்கு டீ குடிக்கப் போன நேரத்தில் அதைப் பிரித்தேன். கால் மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திரும்பக் கோத்தேன். மண் ரோட்டில் அவர் வருவது தெரிந்ததும் கதவோரம் உட்கார்ந்திருந்தவள் இருமினாள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மூன்று நாளும் அப்படித்தான். காலை டீ, மத்தியானச் சாப்பாடு, சாயங்கால டீ. அவர் எழுந்து போனதும் நான் அவர் இடத்துக்கு நகர்வேன், பெண்களில் இரண்டு பேர் என்னோடு சேர்வார்கள். இருமல் வந்ததும் பழைய இடத்துக்குப் போய்விடுவோம். திரும்பி வந்தவர் தகட்டை ஒரு நிமிஷம் பார்ப்பார், விட்ட இடத்திலிருந்து கோக்க ஆரம்பிப்பார். கேலியெல்லாம் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. வியாழக்கிழமை வீட்டுக்குப் போகும்போது என் விரல் பத்திலும் தோல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைக்காரர் மறுபடி போட்டுப் பார்த்தார். பக்கவாட்டுக் கயிற்றை நானே கட்டினேன். கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. அவர் நடந்தார், குனிந்தார், மண்டியிட்டு உட்கார்ந்தார், எழுந்து வாளை உருவுவது போலக் கையை வீசினார். தோள்வாருக்கு அடியில் விரலை விட்டார், விரல் சும்மா போய் வந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோல் இல்லாத கை, உயிர் போனது, சிரித்தேன்.

அவர் கிளம்பிப் போனபின் முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லோருக்கும் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரிடம் வந்து, பரவாயில்லையே, நீயும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டாயே என்று தோளில் தட்டினார். அப்பாடா, இது போதும், இனி இவர் உப்பளத்துக்குப் போக வேண்டியதில்லை என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

'நான் கோத்தது ஒரு கண்ணிகூட அதுல இல்ல சார்' என்றார் அவர். 'எல்லாத்தையும் இவங்க பிரிச்சிக் கோத்துட்டாங்க. நான் டீ குடிக்கப் போற நேரத்துல.'

கதவோரத்தில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் விரல்களைப் பார்த்தார். அன்றைக்குச் சொன்ன அந்த இடது கைதானே என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். வலது கை நன்றாக இருக்கிறதா? இருக்குது சார். கத்தி பிடிக்க முடியுமா? பிடிப்பேன் சார். பத்துக் கவசத்துக்கு ஆயிரக்கணக்கில் நாடாத் துண்டு வேண்டும், அளந்து அறுத்து, நுனி பிரியாமல் மெழுகில் தோய்த்து வைக்க வேண்டும், அதற்கு இழுத்துப் பிடிக்கிற வேலை இல்லை, திங்கட்கிழமை வந்து அதைப் பார் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

'இந்தக் கையால இழுத்துப் பிடிக்க முடியலன்னு மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே இதைக் குடுத்திருப்பேனேம்மா. அதுக்கு எதுக்கு இவ்ளோ?'

நான் மேசைமேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் மண் ரோட்டில் நடந்து வந்தோம். காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரில் இல்லாத பொய்யெல்லாம் சொல்லி, ஆறு பெண்களுக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, அவர் கையால் செய்ததையெல்லாம் முதுகுக்குப் பின்னால் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவரோ அத்தனையும் தெரிந்தே வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்.

'எப்பத்திலேருந்துய்யா தெரியும்?' என்றேன்.

'மொத நாளு டீக்குப் போய்ட்டு வந்தப்பவே.'

'மூணு நாளும் தெரிஞ்சே ஒக்காந்திருந்தியா? எழுந்து போவ வேண்டியதுதான?'

அவர் நடந்துகொண்டேதான் சொன்னார்.

'நீதான ஒக்காரச் சொன்ன.'

வீடு வரும்வரை நான் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.